ஜப்பானில் காதலர் தினத்தன்று பெண்கள் மட்டும் ஏன் சாக்லேட் கொடுக்கிறார்கள்?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிப்ரவரி 14 அன்று ஜப்பானில் பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பார்களாமே, ஏன்? அப்படியென்றால் காதலைச் சொல்வதில் அங்கே பெண்கள் நம்மைவிடச் சுதந்திரமாக இருக்கிறார்களா? முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: மிட்டாய்க் கம்பெனிகள். இரண்டாவதற்கு, டோக்கியோவில் சில வருடங்கள் வேலை பார்த்தவள் என்ற முறையில், என் பதில் 'இல்லை'.

சாக்லேட் விற்பவர்கள் இந்த நாள்மேல் ரொம்ப காலமாகவே கண் வைத்திருந்தார்கள். கோபே நகரத்து மோரோசோஃப் கம்பெனி 1936-லேயே ஓர் ஆங்கிலச் செய்தித்தாளில் காதலர் தின விளம்பரம் கொடுத்தது. 1958-ல் மேரி சாக்லேட் கம்பெனி, டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் உள்ள இசெதான் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் காதலர் தின விற்பனை நடத்தியது. மொத்த வசூல் 170 யென். அவர்கள் விடவில்லை. அடுத்த வருடம் இதய வடிவில் சாக்லேட் செய்து, வருடத்துக்கு ஒருமுறை பெண் ஆணிடம் காதலைச் சொல்லட்டும் என்று விளம்பரம் செய்தார்கள். பெண் முந்திக்கொண்டு காதலைச் சொல்வது வழக்கமில்லாத காலம் அது. அதனால் அந்தப் பேச்சு புதுமையாக இருந்தது. 1970-களில் பள்ளி, கல்லூரிப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த 'வருடத்துக்கு ஒருமுறை' என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஒரு நாள் வாயைத் திறக்கலாம் என்று அனுமதி கொடுத்தால், மற்ற நாட்களில் அவன் சொல்லும்வரை காத்திரு என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

சரி, அந்த ஒரு நாளாவது பெண்ணுக்கென்று இருந்ததா? மனதுக்குப் பிடித்தவனுக்குக் கொடுப்பது 'ஹொன்மெய் சோக்கோ'. அதோடு நின்றிருந்தால் அழகுதான். 1980-களில் அலுவலகங்களில் 'கிரி சோக்கோ' வேரூன்றியது. மேலதிகாரிக்கும் கூட வேலை செய்யும் ஆண்களுக்கும் கடமைக்காகக் கொடுப்பது. பெண்களுக்குச் சம வேலைவாய்ப்புச் சட்டம் 1986-ல் நடைமுறைக்கு வந்ததும் அதே பத்தாண்டில்தான்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி பிறந்ததும் எங்கள் பிரிவில் ஒரு கவர் சுற்றும், பெண்கள் கையில் மட்டும். ஆளுக்கு 500 யென். எங்களில் சம்பளம் மிகக் குறைந்த, புதிதாகச் சேர்ந்த பெண்தான் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் கீழ்த்தளத்துக்கு ஓடி வாங்கி வருவார். பதினான்காம் தேதி காலை ஆண்கள் வருவதற்கு முன்பே வந்து, யார் எங்கே உட்காருகிறார்கள் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாக வைத்துக்கொண்டே போவார். பிரிவுத் தலைவருக்கு ரிப்பன் கட்டிய பெட்டி, மற்றவர்களுக்குச் சின்னது. விடுப்பில் இருப்பவர் மேசையில்கூட ஒன்று இருக்க வேண்டும். விருந்தினர் வந்தால் தேநீர் எடுத்து வருவதும் பிறகு கோப்பைகளைக் கழுவுவதும் பெண்கள் வேலையாக இருந்த அதே இடத்தில், இதையும் யாரும் வேலை என்று எண்ணவே இல்லை.

ஆண்கள் திருப்பிக் கொடுக்கும் நாள் மார்ச் 14, 'ஒயிட் டே'. நம்மூர் மொய் மாதிரி, வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்ற எண்ணம் அங்கே ஆழமானது. ஃபுகுவோகாவின் இஷிமுரா மன்செய்தோ என்ற மிட்டாய்க் கடைதான் இதற்கு விதை போட்டது. ஆண்கள் சாக்லேட்டை வாங்கிக்கொண்டு ஒன்றுமே தருவதில்லை, மெத்தென்ற ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயாவது தரக்கூடாதா என்று பெண்கள் பத்திரிகை ஒன்றில் வந்த ஆதங்கத்தைப் படித்துவிட்டு, அந்தக் கடைக்காரர்கள் 1978-ல் 'மார்ஷ்மெல்லோ தினம்' தொடங்கினார்கள். பிறகு மிட்டாய்த் தயாரிப்பாளர்கள் சேர்ந்து அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள்.

ஒரு வருடம் எங்கள் பிரிவுத் தலைவர் எங்களுக்கு ஆளுக்கொரு அழகான பெட்டி தந்தார். உள்ளே என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். வாங்கியது, உறை போட்டது, எத்தனை பெண்கள் என்று எண்ணியது எல்லாம் அவர் மனைவி. கொடுப்பதும் பெண், திருப்பிக் கொடுப்பதும் இன்னொரு பெண்! அந்த முகம் தெரியாத அம்மாவுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

2018 பிப்ரவரியில் கோடைவா என்ற சாக்லேட் கம்பெனி, ஜப்பான் கிரி சோக்கோவை நிறுத்தட்டும் என்று நிக்கேய் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. அந்த நாள் விடுமுறையில் வந்தால் உள்ளுக்குள் நிம்மதி அடையும் பெண்கள் இருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. சாக்லேட் விற்பவர்களே அப்படிச் சொன்னது பெரிய பேச்சானது. பல அலுவலகங்கள் இப்போது இந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டன.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தந்தது வேறொன்று. பெண்கள் அந்த நாளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். பள்ளிப் பெண்கள் சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றி, கண்ணாடித்தாள் பைகளில் போட்டுத் தோழிகளுக்குள் மாற்றிக்கொள்வது 'தொமோ சோக்கோ'. தனக்குத் தானே வாங்கிக்கொள்வது 'ஜிபுன் சோக்கோ'. ஜனவரி கடைசியில் பெரிய கடைகளின் சாக்லேட் கண்காட்சிகளுக்குப் போய்ப் பாருங்கள். யாருக்கும் கடன்படாமல், தனக்குப் பிடித்ததை ருசி பார்த்து வாங்க நடுத்தர வயதுப் பெண்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள்.

நீங்கள் அங்கே வேலைக்குப் போவதாக இருந்தால்: பெண் என்றால், அந்தக் கவர் வரும்போது "நான் சேரவில்லை" என்று மரியாதையாகச் சொல்லலாம். இப்போது அதைத் தப்பாக எடுப்பவர்கள் குறைவு. ஆண் என்றால், மேசையில் இருக்கும் சாக்லேட்டைக் காதல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மார்ச் 14 அன்று நீங்களே கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கிக் கொடுங்கள். மார்ஷ்மெல்லோ மட்டும் வேண்டாம். அது கொடுத்தால் 'உன்னைப் பிடிக்கவில்லை' என்று அர்த்தம் என இப்போது ஒரு பேச்சு பரவியிருக்கிறது.