பாம்பு கேமுக்குள் கரைவலை: வாசகர் கேள்விகள்

கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டி ஓரளவு தெரியும். ஆனால் என்ன யோசித்தாலும் அது ஏற்கெனவே ப்ளே ஸ்டோரில் இருக்கிறது. கேண்டி க்ரஷ் மாதிரி ஒன்று செய்து மிட்டாய்க்குப் பதில் மீன் வைத்தேன். "இது கேண்டி க்ரஷ்தானே" என்கிறார்கள் நண்பர்கள். புது ஐடியாவுக்கு எங்கே போவது?
*கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்*

நண்பர்கள் சொல்வது சரிதான் தம்பி. மிட்டாயை எடுத்துவிட்டு வஞ்சிரம் வைத்தாலும் விரல் அதே வேலையைத்தான் செய்கிறது. படத்தை விடுங்கள், விதியில் கை வையுங்கள்.

1976-இல் வந்த பிரேக்அவுட் என்ற கேமில் கீழே மட்டை, மேலே செங்கல் சுவர். பந்தால் உடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஜப்பானில் கேம் செய்கிறவரான டொமோஹிரோ நிஷிகாடோ அதைப் பிடித்துக்கொண்டார். அந்தச் செங்கல் நகர்ந்து வந்து திருப்பிச் சுட்டால்? 1978-இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்தது. எதிரிகள் குறையக் குறைய மீதிப் பேர் வேகமெடுப்பார்கள். அது திட்டம் போட்டுச் செய்ததல்ல. வரைய வேண்டியது குறைந்ததும் அந்தக் காலத்துச் சிப் வேகமாக ஓடியது. மனுஷன் அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டார். அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

நீங்கள் மீனை விடுவதாக இல்லை என்றால், 1997-இல் நோக்கியாவில் வந்த பாம்பை எடுத்துக்கொள்வோம். தன் வாலில் முட்டினால் பாம்பு செத்துவிடும். வால்தான் எதிரி. அந்த வாலையே ஆயுதமாக்கினால் என்ன? தேவனாம்பட்டினத்தில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலையின் ஒரு முனைக் கயிறு கரையில் நிற்பவர்கள் கையில் இருக்கும். படகு அரைவட்டமாக வலையை விட்டுக்கொண்டே போய், மறுமுனையோடு கொஞ்சம் தள்ளிக் கரைசேரும். அப்புறம் இரண்டு பக்கமும் ஆட்கள் இழுப்பார்கள், மீன் வலையின் பை போன்ற மடியில் வந்து சேரும். பாம்பின் தலையைப் படகாக்குங்கள், வாலை வலையாக்குங்கள். கரைக்குத் திரும்பினால் வளைவுக்குள் இருப்பதெல்லாம் உங்களுக்கு.

உடனே ஓட்டை தெரியும். விளையாடுகிறவர் கரையோரமாகவே குட்டி வளைவாகப் போட்டுப் பிழைத்துக்கொள்வார். சரி, கரையோரத்தில் நெத்திலி மட்டும் இருக்கட்டும், பெரிய மீன் ஆழத்தில். வலைக்கு ஒரு நீளம் வையுங்கள். திரும்புவதற்குள் தீர்ந்தால் அந்தத் தடவை பிடித்ததெல்லாம் போச்சு. இப்போது, "இன்னும் கொஞ்சம் போகலாமா, திரும்பிவிடலாமா" என்று அவர் மனசு அடித்துக்கொள்ளும். அதற்கடுத்து, இழுப்பதை இரண்டு கட்டைவிரலுக்கும் கொடுங்கள். ஒரு பக்கம் பின்தங்கினால் அந்தப் பக்கமாக மீன் நழுவும். இந்த இடத்தில் பாம்பு காணாமலே போய்விட்டது, பார்த்தீர்களா? ஒரு விதியை மாற்றியதும் எது உடைந்ததோ அதை ஒட்டப்போய்த்தான் புது கேம் கிடைக்கிறது.

வளைத்துப் பிடிப்பது 1981-இல் கிக்ஸ் என்ற கேமிலேயே வந்தாயிற்று. வந்தால் வரட்டும், அதில் வலை தீர்ந்துபோகும் பயம் இல்லை. கம்ப்யூட்டரைத் திறக்குமுன் மேசையில் சில்லறைக் காசுகளைப் பரப்பி, ஒரு முழம் நூலால் வளைத்து விளையாடிப் பாருங்கள். நூலில் சுவாரஸ்யம் இல்லாத கேமை கிராபிக்ஸ் காப்பாற்றாது.

இப்படி அடுத்தவர் கேமிலிருந்து எடுப்பது திருட்டு ஆகாதா?
*வாசகர், வில்லியனூர்*

யோசனைக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. ஒரு நாடகமும் சினிமாவும் மோதிய வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1978-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் டெட்ரிஸின் கட்டைகளையும் கட்ட அளவையும் அப்படியே எடுத்த ஒரு நிறுவனம் 2012-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்றது. விதியை எடுத்துக்கொள்ளலாம். படம், பெயர், இசை எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும்.

என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். எந்நேரமும் போனில் கேம். கேட்டால் "ஐடியா தேடுறேன்மா" என்கிறான். நம்பலாமா?
*ஓர் அம்மா, லாஸ்பேட்டை*

பாதி நம்பலாம்மா. ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். விளையாடும் ஒவ்வொரு கேமிலும் எதனால் தோற்கிறோம், அந்த விதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு வரி எழுதட்டும். எழுதினால் தேடுகிறான், எழுதாவிட்டால் உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆடுபுலி ஆட்டம் வரைந்து அவனோடு உட்காருங்கள். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி வெட்டும், ஆடு வழிமறிக்கும். இரண்டு தரப்புக்கும் வேறு வேறு வேலை கொடுத்துச் சமமாக நிறுத்துவதற்கு இன்றைக்கும் கேம் செய்கிறவர்கள் திண்டாடுகிறார்கள். அவனுக்கு ஆட்டைக் கொடுங்கள். பரீட்சை நெருங்கினால் போனோடு அந்த நோட்டையும் வாங்கி வைத்துவிடுங்கள். கடைசிப் பக்கத்திலேயே கேம் செய்து பெஞ்சு முழுக்க விளையாட விடுகிற பிள்ளைகளும் உண்டு.