பதில்: மூன்று ஆண்டுகளாக வரும் இதழை ஸ்கோபஸ் முதல் கட்டத்திலேயே திருப்பியது ஏன்?

உங்கள் ஆய்விதழுக்கு டிஓஐ இருந்தும், ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸில் ஏன் நிராகரித்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். டிஓஐ கட்டுரைக்கான நிலையான முகவரி மட்டுமே, தரச்சான்று அல்ல.

துணைநூற்பட்டியல் முழுக்கத் தமிழ் எழுத்தில் என்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான். கட்டுரை எந்த மொழியிலும் இருக்கலாம். தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்திலும், துணைநூல்கள் ரோமன் எழுத்திலும் இருந்தாக வேண்டும். ஸ்கோபஸ் மேற்கோள்களை இணைக்கும் தளம். படிக்க முடியாத பட்டியலை எதனோடு இணைப்பது? புதிய இதழில் மட்டும் மாற்றினால் போதாது, பழைய இதழ்களிலும் ஒலிபெயர்ப்பைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, சக மதிப்பாய்வு (துறை வல்லுநர்கள் கட்டுரையை மதிப்பிடுவது) எப்படி நடக்கிறது என்ற விளக்கமும் பதிப்பு நெறிமுறை அறிக்கையும் தளத்தில் தனிப் பக்கங்களாக இருக்கின்றனவா? ஐஎஸ்எஸ்என் (இதழ்களுக்கான பன்னாட்டு அடையாள எண்) தளத்தில் பதிவான பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா? அறிவித்த மாதத்தில் இதழ் வராமல் போவதும் பெரிய குறை.

மறுவிண்ணப்பத் தடைக்காலம் நிராகரிப்புக் கடிதத்தில் இருக்கும். அதற்குள், உங்களுடையது திறந்த அணுக்க இதழ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியது) என்றால், அத்தகைய இதழ்களின் பட்டியலான டிஓஏஜே-யில் விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு 5 ஆய்வுக் கட்டுரைகளாவது வேண்டும், கட்டுரைகளை மற்றவர்கள் பயன்படுத்துவதற்கான உரிமம் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அங்கேயும் நிராகரித்தால் பொதுவாக 6 மாதம் காத்திருக்க வேண்டும், அவசரப்படாதீர்கள்.

ஸ்கோபஸ், டிஓஏஜே இரண்டிலும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள்.