ஆற்றில் அழகர், பையில் கேமரா

கேள்வி: மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளுவதைப் படமெடுத்துத் தரும் பொறுப்பை ஓர் இதழ் எனக்கு முதன்முறையாக அளித்துள்ளது. என்னிடம் இரண்டு கேமராக்களும், 24-70, 70-200, 50 மி.மீ. லென்ஸ்களும், ஒரு டிரைபாடும் உள்ளன. எவற்றை எடுத்துச் செல்வது? முந்தின நாள் எவற்றைச் சரிபார்ப்பது?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: டிரைபாடை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அந்தக் கூட்டத்தில் அதை விரிக்க இடம் கிடைக்காது, விரித்தால் யாரேனும் தடுக்கி விழவும் கூடும். நேர்த்திக்கடனுக்காகத் தோல் பைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள் சுற்றிலும் இருப்பார்கள் என்பதால், அங்கே நின்று லென்ஸை மாற்றும் எண்ணமே வேண்டாம். ஒரு கேமராவில் 24-70, மற்றொன்றில் 70-200 என்று அறையிலேயே பொருத்திக்கொண்டு கிளம்புங்கள். முந்தின நாள் எதிர்சேவையை, அதாவது அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்பதை, இரவில் எடுப்பதாக இருந்தால் 50 மி.மீ. லென்ஸ் உதவும், அதன் எஃப் எண் (எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது) 1.8 எனில், எஃப் 2.8 லென்ஸைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும்.

தண்ணீரைத் தடுக்க விலையுயர்ந்த உறைதான் வேண்டும் என்பதில்லை. தடித்த பாலிதீன் பையின் அடியில் லென்ஸ் ஹூடின் (லென்ஸின் முன்னால் மாட்டும் வளையத்தின்) அளவுக்கு ஓட்டை போட்டு, ஹூடைச் சுற்றி ரப்பர் பேண்டால் இறுக்கி, பையின் வாய் வழியே கையை நுழைத்துக் கேமராவைப் பிடித்தால் போதும். ஆனால், ஷட்டர் பொத்தானும் ஜூம் வளையமும் விரலுக்கு அகப்படுகின்றனவா என்று முந்தின நாளே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். லென்ஸ் துடைக்கும் துணிகள் நான்கைந்து இருக்கட்டும். நனைந்த துணியால் துடைத்தால் லென்ஸில் ஈரத் திட்டுதான் மிஞ்சும்.

பலரும் கவனிக்கத் தவறுவது தங்கும் அறையின் ஏசியை. குளிர்ந்த கேமராவைப் புழுக்கத்தில் வெளியே எடுத்தவுடன் லென்ஸ் வியர்த்துவிடும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். ஆகவே, இரவு ஏசியை அணைத்துவிடுங்கள். மனமில்லையென்றால், காற்றுப் புகாத கவரில் கேமராவை மூடியபடியே வெளியே கொண்டுவந்து, வெளிச்சூட்டுக்கு அது பழகும்வரை அரை மணி முதல் ஒரு மணி நேரம் திறக்காமல் வைத்திருங்கள்.

மற்றவை வழக்கமானவைதாம்: பேட்டரிகளை முழுமையாகச் சார்ஜ் செய்வது, பழைய படங்களைப் பிரதி எடுத்தபின் மெமரி கார்டுகளைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்வது, துளையை எஃப் 16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்து, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் தூசு உண்டா என்று பார்ப்பது. இரண்டு கேமராக்களின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டவேண்டும். இல்லையெனில், ஆற்றில் இறங்கிய அழகர் அடுத்த படத்தில் மீண்டும் கரையில் நிற்பார், படங்களை வரிசைப்படுத்தும் உதவி ஆசிரியர் உங்களைத் திட்டுவார்.

கேள்வி: விமானத்தில் செல்லும்போது உபரிப் பேட்டரிகளைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பலாமா?
- வாசகி, சென்னை

பதில்: கூடாது. உபரி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்கவேண்டும். 100 வாட்-மணி (வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வருவது) வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவையில்லை, 7.2 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட கேமராப் பேட்டரி 14.4 வாட்-மணிதான் என்பதால் அச்சம் வேண்டாம். உலோக முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி டேப் ஒட்டிவிடுங்கள்.