ஓ.எல். முடித்த பெண் பிள்ளைக்குத் திருகோணமலையில் தையலைத் தவிர வேறு என்ன தொழில் படிக்கலாம்?

தங்கச்சி ஓ.எல். முடித்துவிட்டு இருக்கிறாள், வீட்டில் எல்லோரும் தையல் அல்லது அழகுக்கலை என்கிறார்கள், அவளுக்கோ கழற்றிப் பூட்டும் வேலையில்தான் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவளை அந்தப் பக்கமே விடுங்கள். நான் ஏசி, ஃபிரிட்ஜ் திருத்தும் வேலை செய்கிறேன். அதைத்தான் முதலில் சொல்வேன்.

காரணம் நம்முடைய ஊர்தான். உப்புவெளி, நிலாவெளியில் ஹோட்டல்கள் கடற்கரையோடு இருக்கின்றன. உப்புக் காற்று பட்டு, வெளியே பூட்டிய யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகள் அரித்துப்போகும். சூடு வெளியேறாது, கொம்ப்ரசர் திணறும், கரண்ட் பில் ஏறும். மே முதல் செப்டெம்பர் வரை சீசன். சூடான கச்சான் காற்றும் அந்த நேரத்தில்தான் அடிக்கும். வேலை தெரிந்த ஆளைத் தேடி அலைவார்கள்.

பெண் பிள்ளையால் பாரம் தூக்க முடியுமா என்று கேட்பார்கள். யூனிட்டைச் சுவரில் ஏற்ற ஆணென்றாலும் துணைக்கு இன்னொருவர் வேண்டும். மற்றதெல்லாம் கவனமும் அளவும்தான். காஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. சவர்க்கார நுரை பூசி அந்த இடத்தைப் பிடித்து, ஒட்டி, வக்யூம் பம்ப் போட்டுக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் எடுத்த பிறகே காஸ் அடைக்க வேண்டும். அவசரக்காரர் கசிவைப் பார்க்காமல் காஸ் மட்டும் அடைத்துவிட்டுப் போவார், அது நிற்காது. பொறுமையாகப் பார்ப்பவருக்குத்தான் மறுபடி அழைப்பு வரும். அப்புறம், பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் ஒரு பெண் வந்து வேலை செய்வதை உண்மையிலேயே விரும்புகிறார்கள்.

வீட்டு வயரிங்கும் கூடவே படித்தால் நல்லது. இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும்.

தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா (தொழில் பழகுநர் பயிற்சி தரும் அரச அதிகாரசபை), தொழில்நுட்பக் கல்லூரி மூன்றிலும் விசாரியுங்கள். என்ன கோர்ஸ் என்பதோடு என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) எத்தனையாம் மட்டம் என்றும் கேளுங்கள். 4ஆம் மட்டம் இருந்தால் தனியாக வேலை செய்யலாம். 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். அதனால் இதோடு படிப்பு நின்றுவிடும் என்று அம்மா அப்பா பயப்படத் தேவையில்லை. ஏற்கனவே மாமாவின் கடையிலோ வேறெங்கோ வேலை பழகியிருந்தால், அந்த அனுபவத்தை மதிப்பிட்டே சான்றிதழ் தரும் முறையும் இருக்கிறது.

பயிற்சிக்கு விடும் இடத்தை நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள். கழிவறை இருக்கிறதா, சைட்டுக்கு யாரோடு அனுப்புவார்கள், பின்னேரம் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வேலைக்கு எடுத்த பிறகு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறார்களா என்றும் பாருங்கள்: அவள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் தனி, அதையும் முதலாளியே கட்ட வேண்டும்.