பேய் வருவதற்குள் குமட்டல்: வாசகர் கேள்வி பதில்

கே: கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி எடுத்த பேய்ப் படங்களை வீட்டு டிவியில் பார்த்தால், பேய் வருவதற்குள் எனக்குக் குமட்டல் வந்துவிடுகிறது. பயந்த சுபாவம்தான் காரணமா?

ப: பயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தலை திரும்புவதை உணர்வது உள்காதின் அரைவட்டக் குழாய்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பதால் அவை ‘அசைவே இல்லை’ என்கின்றன. கண்ணோ ‘ஓடுகிறோம்’ என்கிறது. அந்த முரண்பாடுதான் வயிற்றைப் பிரட்டுகிறது. 2008-இல், கையில் பிடித்த கேமரா பாணியில் எடுத்த ‘க்ளோவர்ஃபீல்ட்’ படம் வெளியானபோது அமெரிக்கத் தியேட்டர்கள் சிலவற்றில் இதற்காகவே எச்சரிக்கை ஒட்டினார்கள்.

முதலில் தள்ளி உட்காருங்கள். 55 அங்குல டிவி 122 செ.மீ. அகலம். 1.5 மீட்டரில் அது பார்வையில் 44 டிகிரியை அடைத்துக்கொள்ளும். 3 மீட்டரில் 23 டிகிரிதான். கும்மிருட்டும் வேண்டாம். டிவிக்குப் பின்னால் சின்ன விளக்கு எரிந்தால், அசையாத சுவரும் டிவி விளிம்பும் கண்ணுக்குப் பிடிமானமாகும். காரணமில்லாத கொட்டாவி, வாயில் ஊறும் எச்சில், நெற்றியில் குளிர்ந்த வியர்வை மூன்றும் முன்னறிவிப்பு. அப்போதே படத்தை நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தால், படம் முடிந்த பிறகும் கிறுகிறுப்பு விடாது.

கே: பயண வாந்திக்கான மாத்திரை உதவுமா?

ப: உதவலாம். ஆனால் முன்கூட்டியே போட வேண்டும். மெக்லிசின் என்றால் ஒரு மணி நேரம் முன்பு. தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது. டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கே: என் திகில் குறும்படம் போனில் நன்றாக இருந்தது. பெரிய திரையில் போட்டதும் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஏன்?

ப: ஃபிரேம் அகலத்தில் 2 சதவீதக் குலுங்கல் போனில் 3 மில்லிமீட்டர்கூட இராது. 10 மீட்டர் திரையில் அதுவே 20 செ.மீ. எடிட்டிங்கில் ஸ்டெபிலைஸ் செய்து தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்: ஆட்டம் நிற்கும், ஆனால் குலுங்கலில் பதிவான மங்கல் அப்படியே இருப்பதால், நிலையான படம் விட்டுவிட்டு மங்கித் தெளியும். பார்க்கவே சகிக்காது.

படப்பிடிப்பிலேயே சரிசெய்யுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் அகலமாகக் காட்டும் 24 முதல் 35 மி.மீ. லென்ஸ் போதும், நெருக்கிக் காட்டும் 85 மி.மீ. லென்ஸில் கை நடுக்கமே பூகம்பமாகத் தெரியும். நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி. அதை 1/200 ஆக்கினால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். மேலும் கீழுமான ஆட்டத்தைவிட, அடிவானம் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஆடுவதுதான் மோசம். ஓட்டம் முடிந்ததும் கதவு நிலையிலோ ஜன்னல் கம்பியிலோ மூன்று நான்கு நொடி கேமராவை நிறுத்துங்கள். பார்ப்பவர் கண் நிலைகொள்ளும் அந்த இடத்தில்தான் திகிலும் வேலை செய்யும்.