மீட்டர் முள்ளை எவ்வளவு நம்பலாம்?

இரு சக்கர வாகனக் கேள்வி-பதில்: நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

125 சிசி பைக், வாங்கி ஓர் ஆண்டுதான் ஆகிறது. மீட்டரில் 44 வைத்து ஓட்டினால் போனில் உள்ள ஜி.பி.எஸ். செயலி 40 என்கிறது. மீட்டர் பழுதா? வாரண்டியில் மாற்றித் தரச் சொல்லலாமா?
வாசகர், குன்னூர்

பழுது இல்லை. வாரண்டியில் கேட்டாலும் இதையேதான் சொல்லி அனுப்புவார்கள். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் ஓர் எல்லை உண்டு. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதிமுறை எண் 39 அந்த எல்லையை உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் என்று வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் வண்டி உண்மையில் 40-ல் போகும்போது மீட்டர் 48 வரை காட்டலாம். 60 என்றால் 70 வரை, 80 என்றால் 92 வரை. உங்கள் மீட்டர் நடுவில் நிற்கிறது.

வேண்டுமென்றேதான் கூட்டிக் காட்டும்படி வைக்கிறார்கள். மீட்டருக்கு வேகம் தெரியாது, சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பது டயரைப் பொறுத்தது. 90/90-17 டயர் (அகலம் 90 மி.மீ., உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம்) புதிதாக இருக்கும்போது விட்டம் ஏறக்குறைய 594 மி.மீ. தரையில் படும் பட்டன் 4 மி.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 8 மி.மீ. போய்விடும், அதிலேயே 1.3 சதவீத வித்தியாசம். காற்று குறைந்தாலும், பின்னால் ஆளும் காய்கறி மூட்டையும் ஏறினாலும் இன்னும் கொஞ்சம் மாறும். எந்த நிலையிலும் குறைத்துக் காட்டிவிடக் கூடாது என்பதால் கம்பெனி முன்கூட்டியே சற்று ஏற்றி வைத்துவிடுகிறது.

ஆனால் ஒன்று. வேகம் பத்து சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறதே, அப்படியானால் கிலோமீட்டரும் பத்து சதவீதம் கூடுதலாகத்தான் ஓடும் என்று மைலேஜில் கழித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறான கணக்கு. சக்கரத்தின் சுற்றைக் கேபிள் கொண்டுவரும் கேபிள் மீட்டரில், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் பல் சக்கரங்களால் ஓடுகிறது. கேபிளின் சுற்றை எண்ணுவது மட்டுமே அதன் வேலை. முள்ளின் கதை வேறு: சுழலும் காந்தம் ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கிறது, மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைத் தடுக்கிறது. இந்த இழுபறியில்தான் முள் நிற்கிறது. டிஜிட்டலில் இரண்டுக்கும் சென்சார் அனுப்பும் ஒரே பல்ஸ்தான் (மின்துடிப்பு) என்றாலும், ஏற்றி வைப்பது பெரும்பாலும் வேகத்தில் மட்டும். ஆகவே வேகத்தைத் தனியாகவும் தூரத்தைத் தனியாகவும் சோதிக்க வேண்டும்.

உண்மையில் 40-ல் போகும்போது மீட்டர் 38 என்றால் மட்டும் கவலைப்படுங்கள். காந்தம் வலுவிழந்திருக்கும், அல்லது டயர் அளவு மாறியிருக்கும்.

போன், செயலி எதுவும் இல்லாமல் சரிபார்க்க வழி உண்டா?
வாசகர், கோத்தகிரி

உண்டு, அது பழைய வழிதான்: கிலோமீட்டர் கல்லும் ஸ்டாப்வாட்ச்சும். தேசிய நெடுஞ்சாலையில் கல்லின் தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலையில் பச்சை. ஒரு கிலோமீட்டருக்கு ஆன நொடிகளால் 3600-ஐ வகுத்தால் வேகம் வந்துவிடும். 90 நொடி என்றால் 40, 72 நொடி என்றால் 50, 60 நொடி என்றால் 60.

இடையில் இருக்கும் 200 மீட்டர் கற்களை நம்ப வேண்டாம். 40-ல் 200 மீட்டருக்கு 18 நொடி. பொத்தானை அமுக்குவதில் ஒரு நொடி தவறினாலே ஐந்து சதவீதத்துக்கு மேல் பிழை. நீங்கள் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான். முழுக் கிலோமீட்டரில் அதே ஒரு நொடி 1.1 சதவீதம். ஐந்து கிலோமீட்டர் ஒரே சீராக ஓட்ட முடிந்தால் (40-ல் ஏழரை நிமிடம்) அந்தப் பிழை கணக்கிலேயே வராது. சாலையை அகலப்படுத்தும்போது கற்கள் இடம் மாறுவதும் உண்டு என்பதால், ஒரே ஒரு ஜோடிக் கல்லை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கோத்தகிரி ரோட்டிலோ குன்னூர் மலைப்பாதையிலோ இதைச் செய்ய முயல வேண்டாம். ஐந்து கிலோமீட்டர் என்ன, ஒரு கிலோமீட்டர் கூட ஒரே வேகத்தில் ஓட முடியாது. அடுத்த முறை மேட்டுப்பாளையம் இறங்கும்போது, அதைத் தாண்டிக் கோவை போகும் சமவெளிச் சாலையில், போக்குவரத்து குறைந்த விடியற்காலையில் பாருங்கள். கல்லுக்கு 200 மீட்டர் முன்பே வேகத்தை நிலைப்படுத்திவிட வேண்டும். நேரம் எடுப்பது பின்னால் உட்காருபவர் வேலை. போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

மலையை விட்டு இறங்காமல் செய்ய வேண்டுமானால் ரோட்டுக்குப் பதில் டயரை அளக்கலாம். இது கேபிள் மீட்டருக்கு மட்டும். காற்றைச் சரியான அளவுக்கு அடித்துவிட்டு, சமமான சிமெண்ட் தரையில் முன் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். நீங்கள் வண்டியில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் நேராகத் தள்ளட்டும். ஐந்து சுற்று முடிந்த இடத்தில் கோடு போட்டு, டேப்பால் அளந்து ஐந்தால் வகுக்கவும். 90/90-17 டயருக்குப் புத்தகக் கணக்கு 1.865 மீட்டர்; ஆள் உட்கார்ந்தால் சற்றுக் குறையும். 1.84 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இனி கேபிளின் மேல் முனையை மீட்டரிலிருந்து கழற்றி, உள் கம்பியின் நுனியில் ஒரு காகிதத் துண்டைக் கொடிபோல ஒட்டுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மெதுவாக இருபது சுற்று முன்னோக்கிச் சுற்றுங்கள். கொடி 52 முறை சுற்றினால், சக்கரத்தின் ஒரு சுற்றுக்குக் கம்பி 2.6 சுற்று. 2.6-ஐ 1.84-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் தூரத்துக்கு 1.413, அதாவது கிலோமீட்டருக்கு 1413 சுற்று. உங்கள் மீட்டரின் முகப்பிலோ அடியிலோ 1400 என்று பொறித்திருந்தால், அது கிலோமீட்டருக்கு எதிர்பார்க்கும் சுற்று அவ்வளவு. ஓடோமீட்டர் 0.9 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது என்று அர்த்தம். அதற்காக எதையும் மாற்றத் தேவையில்லை.

ஜி.பி.எஸ். வேகம் மலைப்பாதையில் தாறுமாறாக ஏறி இறங்குகிறது. நடுவட்டம் பக்கம் மூடுபனி இறங்கினால் இன்னும் மோசம். அதை நம்பலாமா?
வாசகர், கூடலூர்

மூடுபனி மேல் பழி போட வேண்டாம். செயற்கைக்கோளின் ரேடியோ அலை அதைத் தாண்டி வந்துவிடும். குற்றவாளிகள் வேறு. ஒன்று, சாலையின் ஒரு பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கும் பாறைச் சுவர். அது பாதி வானத்தை மறைப்பதோடு, அலையைத் தெறித்தும் அனுப்பும். இரண்டு, சோலை மரங்களின் நனைந்த இலைக்கூரை. மூன்றாவதுதான் முக்கியம்: போன் பொதுவாக நொடிக்கு ஒரு முறைதான் வேகத்தைப் புதுப்பிக்கும், அதையும் முன்பின் கலந்து சீராக்கிக் காட்டும். கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக், திரும்பியதும் ஆக்சிலரேட்டர் என்று போகும் வண்டியில் போன் எப்போதும் ஒரு படி பின்னால்தான் இருக்கும். மீட்டர் முள் இறங்கிவிட்டது, போன் இன்னும் பழைய வேகத்தைச் சொல்கிறது. இதை மீட்டர் பிழை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

திறந்த புல்வெளிப் பக்கம், வளைவில்லாத இடத்தில், மீட்டரை ஒரே எண்ணில் பதினைந்து இருபது நொடி நிறுத்திப் பாருங்கள். போன் அசையாமல் நின்ற எண்தான் கணக்கு. 30, 40, 50 என்று மூன்று வேகத்தில் எடுத்தால் போதும். செல்போன் டவர் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், முதலில் இடம் பிடிக்கத்தான் நேரமாகும். ஆகவே திறந்த வெளியில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்புங்கள். ஓட்டிக்கொண்டே போனைப் பார்ப்பது கூடாது. பின்னால் இருப்பவர் பார்க்கட்டும், இல்லையென்றால் பதிவு செய்யும் செயலியை ஓடவிட்டு வீட்டில் போய்ப் பாருங்கள்.

சரிவைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். தட்டையான தூரத்தை மட்டும் கணக்கிடும் செயலியாக இருந்தாலும், பத்துக்கு ஒன்று என்ற செங்குத்தான ஏற்றத்தில் வரும் வித்தியாசம் அரை சதவீதம்தான். 40-ல் அது 0.2 கி.மீ. மறந்துவிடலாம்.

ஏற்றத்தில் நன்றாக இழுக்க வேண்டும் என்று முன் ஸ்பிராக்கெட்டை (செயினை இழுக்கும் பல் சக்கரம்) 14 பல்லிலிருந்து 13 ஆக்கினேன். இழுவை கூடியது, ஆச்சரியமாக மைலேஜும் கூடிவிட்டது! எப்படி?
வாசகர், அரவேணு

மைலேஜ் கூடவில்லை, கிலோமீட்டர்தான் கூடியிருக்கிறது. உங்கள் வண்டியின் வேக சென்சார் கியர்பாக்ஸில் இருக்க வேண்டும். அது எண்ணுவது சக்கரத்தின் சுற்றை அல்ல, முன் ஸ்பிராக்கெட் இருக்கும் தண்டின் சுற்றை. ஒரு பல் குறைந்ததால், பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற அந்தத் தண்டு முன்னைவிட 7.7 சதவீதம் அதிகமாகச் சுற்றுகிறது. வேகம், தூரம் இரண்டும் அதே அளவு ஏறிவிடும். முன்பு உண்மை 40-க்கு 42 காட்டியது இப்போது 45 காட்டும். லிட்டருக்கு 54 என்று வந்தால் உண்மையில் 50.

பின் ஸ்பிராக்கெட்டைப் பெரிதாக்கினாலும் இதே கதைதான். முன் சக்கரத்திலிருந்து கேபிளோ சென்சாரோ வரும் வண்டியில் ஸ்பிராக்கெட் மாற்றம் மீட்டரைத் தொடவே தொடாது. பல்ஸைக் குறைத்து அனுப்பும் சிறு கருவி சந்தையில் கிடைக்கிறது. ஆனால் 13-ஐ 14-ஆல் வகுத்துப் பெருக்கத் தெரிந்தவருக்கு அந்தச் செலவு எதற்கு? சர்வீஸ் மட்டும் சற்று முன்கூட்டியே வரும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

முன் டயரை 90/90-17-லிருந்து 100/90-17 ஆக்கலாமா? மீட்டர் என்ன ஆகும்?
வாசகர், கேத்தி

விட்டம் 594-லிருந்து 612 மி.மீ. ஆகும்; முன் சக்கரத்தில் ஓடும் மீட்டர் 3 சதவீதம் குறைத்துக் காட்டும். முன்பு கூட்டிக் காட்டியது அதைவிட அதிகமென்றால் சட்டத்துக்குள்தான் இருப்பீர்கள். டயர் மட்கார்டில் உரசாதா என்பதை முதலில் பாருங்கள்.

பழைய கேபிள் மீட்டர் வண்டி. டிசம்பர், ஜனவரி காலைகளில் முள் 20-க்கும் 50-க்கும் நடுவே துடிக்கிறது. மதியம் சரியாகிவிடுகிறது.
வாசகர், உதகமண்டலம்

உறைபனி காலையில் கேபிளுக்குள்ளும் முன் சக்கர மீட்டர் டிரைவிலும் (கேபிளைச் சுற்ற வைக்கும் பெட்டி) இருக்கும் பழைய கிரீஸ் கெட்டியாகிவிடுகிறது. உள் கம்பி ஓர் இடத்தில் பிடித்து, முறுக்கேறி, பிறகு விடுபட்டு ஒரே வீச்சில் சுற்றுகிறது. முள் துடிப்பது அதனால்தான். சில கிலோமீட்டரில் அடங்கிவிட்டால் கிரீஸ். அடங்காவிட்டால் கம்பி மடிந்திருக்கிறது.

கேபிளின் இரு முனையையும் கழற்றி, உள் கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் துடைத்து உலரவிடுங்கள். கண்ணாடி மேஜையில் வைத்து உள்ளங்கையால் உருட்டிப் பார்த்தால், மடிப்பு உள்ள இடம் துள்ளும். துள்ளினால் கேபிளையே மாற்றுங்கள். நிமிர்த்திப் போட்டது நிற்காது. நன்றாக இருந்தால் மெல்லிய லித்தியம் கிரீஸை விரலில் தொட்டு, கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் பூசுங்கள். மேல் முனையில் 15 செ.மீ. காய்ந்தே இருக்கட்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: கேபிள் முழுக்க அப்பினால் கிரீஸ் சுற்றிச் சுற்றி மேலேறி மீட்டருக்குள் போய்விடும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கிரீஸ் நுழைந்தால் முள் 100-க்கு எகிறி அங்கேயே நிற்கும், மீட்டரைத் திறந்து கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

திரும்பப் பூட்டும்போது கேபிள் அதன் கிளிப்புகள் வழியாகவே போகிறதா, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பினாலும் நெருக்கமாக மடியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். துடிப்போடு கீச்சென்று சத்தமும் வந்தால் வறண்டிருப்பது மீட்டரின் அடிப் புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்). அதற்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு.

முன் சக்கரம் பஞ்சர் ஒட்டிய பிறகு மீட்டர் ஓடவே இல்லை.
வாசகர், எல்லநள்ளி

மீட்டர் டிரைவ் பெட்டியின் இரண்டு காதுகள் ஹப்பின் பள்ளத்தில் உட்காராமலே ஆக்சிலை இறுக்கியிருப்பார்கள். உடனே கவனித்தால் காது வளைந்ததோடு தப்பும். ஓட்டிக்கொண்டே இருந்தால் உடையும், உள்ளே பிளாஸ்டிக் பினியனும் (சிறு பல் சக்கரம்) பல் போகும். சக்கரத்தைக் கழற்றி, காது பொருந்தியதை விரலால் தடவிப் பார்த்து, பெட்டி ஃபோர்க்கில் உள்ள தடுப்பில் சாய்ந்திருப்பதையும் உறுதி செய்து பூட்டச் சொல்லுங்கள். இறுக்கும் முன் சக்கரத்தைச் சுற்றினால் கேபிளின் மேல் நுனி சுற்ற வேண்டும்.

முள்ளைக் கழற்றி நகர்த்தி மீட்டரைச் 'செட்' செய்து தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
வாசகர், குன்னூர்

வேண்டாம். முள்ளை நகர்த்தினால் எல்லா வேகத்திலும் ஒரே அளவு குறையும். மீட்டரின் பிழையோ வேகத்தோடு சேர்ந்து வளர்வது. உண்மை 20-க்கு 22, 40-க்கு 44, 80-க்கு 88 காட்டும் மீட்டரில் நான்கைக் குறைத்தால் 40 சரியாக வரும்; 80-ல் 84 காட்டும்; 20-ல் போகும்போது 18 என்று குறைத்துக் காட்டத் தொடங்கும். மீட்டரின் சீலை உடைத்ததால் மலைப் பனியின் ஈரம் உள்ளே புகுந்து கண்ணாடியும் வேர்க்கும். அதற்குப் பதில் சோதித்து எடுத்த எண்களை, மீட்டர் 33 என்றால் 30, 44 என்றால் 40, 55 என்றால் 50 என்பதுபோல ஒரு சிறு ஸ்டிக்கரில் எழுதி டேங்கின் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். டயர் மாற்றினால் மறுபடி எடுத்து எழுதுங்கள்.