வீட்டுக் கணினிக்கு எந்த இலவச ஃபயர்வால் நல்லது? விண்டோஸில் இருப்பதே போதாதா?

வங்கி வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பயன்படும் ஒரு விண்டோஸ் கணினிக்குப் பணம் கட்டாமல் எந்த ஃபயர்வாலை (கணினிக்கும் இணையத்துக்கும் இடையே போய்வரும் இணைப்புகளை வடிகட்டும் மென்பொருளை) நிறுவலாம், அல்லது விண்டோஸுடன் வருவதையே நம்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியிலிருந்து வரும் தாக்குதலைத் தடுப்பதற்கு விண்டோஸின் சொந்த ஃபயர்வாலே போதும். உங்கள் கணினியில் உள்ள நிரல்கள் வெளியே யாரோடு பேசுகின்றன என்பதைப் பார்க்கவும் கட்டுப்படுத்தவும் விரும்பினால் மட்டும், அதற்கு மேல் ஒரு சிறிய கருவியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்ப்பது, நீங்கள் பதில் சொல்ல முடியாத கேள்விகளை நாள் முழுவதும் கேட்காத கருவியாக இருக்க வேண்டும்.

விண்டோஸில் உள்ளதை நம்பக்கூடாது என்ற எண்ணம் பலரிடம் இன்னும் இருப்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு (கணினிக்குக் கணினி தானாகவே பரவும் தீநிரல்) பரவியபோது, விண்டோஸ் எக்ஸ்பி கணினியை இணையத்தில் இணைத்துவிட்டுச் சும்மா இருந்தாலே போதும். 135-ஆம் போர்ட் (இணைப்புகள் வந்துபோகும் எண்ணிட்ட வாசல்) வழியாக அது உள்ளே புகுந்துவிடும், அறுபது நொடியில் கணினி அணைந்துவிடும் என்ற அறிவிப்பு திரையில் தோன்றும். எக்ஸ்பியில் அப்போதே ஒரு ஃபயர்வால் இருந்தது, ஆனால் இயல்பாக அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 2004-இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக் என்ற பெரிய அப்டேட்தான் அதை இயல்பாகவே இயங்கும்படி செய்தது. அன்று தனி ஃபயர்வால் நிறுவச் சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். ஆனால் எக்ஸ்பிக்குப் பின் வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸின் ஃபயர்வால் உள்வரும் இணைப்பு, வெளிச்செல்லும் இணைப்பு இரண்டையும் வடிகட்டும் திறன் பெற்றுவிட்டது. இன்றைக்கும் அதன் இயல்பான அமைப்பு, நாம் கேட்காமல் உள்ளே வருவதைத் தடுப்பது, உள்ளிருந்து வெளியே செல்வதை அனுமதிப்பது என்பதுதான். வீட்டு ரவுட்டரும் வெளியிலிருந்து தானாக வரும் இணைப்புகளைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடும் என்பதால், வீட்டுக்குள் இருக்கும் கணினிக்கு இரண்டு அடுக்குப் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது.

அப்படியானால் இருப்பதை ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை. விண்டோஸ் ஃபயர்வாலில் 'அனுமதிக்கப்பட்ட ஆப்கள்' என்று ஒரு பட்டியல் உண்டு. அதை ஒருமுறை பொறுமையாகத் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு நிரல் முதன்முறை வெளியிலிருந்து இணைப்பைக் கேட்கும்போது ஒரு சாளரம் தோன்றுமே, அதில் நாம் அவசரத்தில் 'அனுமதி' என்று அழுத்தியதெல்லாம் அங்கே அப்படியே தங்கியிருக்கும். எப்போதோ விளையாடிய விளையாட்டு, ஒரே ஒரு நாள் பயன்படுத்திய திரைப்பகிர்வு நிரல், டோரண்ட் நிரல் என்று நான் பார்த்துக் கொடுத்த கணினிகளில் பலவற்றில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தனிப்பட்ட நெட்வொர்க், பொது நெட்வொர்க் என இரண்டு கட்டங்கள் இருக்கும். பொது நெட்வொர்க் கட்டத்தில் குறி இருக்கிறது என்றால், நீங்கள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் ஊரார் பயன்படுத்தும் வைஃபையில் இணையும்போதும் அந்தக் கதவு திறந்தே இருக்கும் என்று பொருள். தேவையில்லாததை நீக்கிவிடுங்கள். புதிய வைஃபையில் இணையும்போது, அது உங்கள் வீட்டு வைஃபை அல்ல என்றால், பொது நெட்வொர்க் என்றே தேர்ந்தெடுங்கள்.

இனி வெளிச்செல்லும் இணைப்புக்கு வருவோம். தனி ஃபயர்வாலைத் தேடுபவர்கள் உண்மையில் தேடுவது இதைத்தான், அதிகமாகத் தவறு நடப்பதும் இங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவின் கணினியில், ஒவ்வொரு நிரல் வெளியே செல்லும்போதும் அனுமதி கேட்கும் ஓர் இலவச ஃபயர்வாலை நானே நிறுவிக் கொடுத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். பல மாதங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது விண்டோஸ் அப்டேட் ஒன்றுகூட இறங்கியிருக்கவில்லை. விதிகளின் பட்டியலைத் திறந்தால், 'எஸ்விசி ஹோஸ்ட்' என்ற பெயருக்கு எதிரே, 443-ஆம் போர்ட் வழியாக வெளியே செல்லத் தடை என்று சிவப்புக் குறி இருந்தது. "புரியாத பேரா இருந்துச்சுப்பா, நீதானே தெரியாததுக்கு அனுமதி குடுக்காதேன்னு சொன்னே" என்றார். நான் சொன்னதை அவர் அப்படியே கடைப்பிடித்திருந்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் விண்டோஸின் எத்தனையோ சேவைகள் இயங்குகின்றன, அப்டேட்டும் அவற்றில் ஒன்று என்பது அந்தச் சாளரத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒரு நிரல் பெயர், சில எண்கள், இரண்டு பொத்தான்கள், அவ்வளவுதான். கணினி மற்ற வேலைகளை வழக்கம்போலச் செய்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இது சிறிய விஷயமல்ல. 2017 மே மாதத்தில் வானாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் பரவியபோது, அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவியிருந்த கணினிகளுக்கு அந்த ஓட்டை வழியாக அது பரவ முடியவில்லை. பாதுகாப்புக்காக நிறுவிய மென்பொருளே அப்டேட்டைத் தடுத்து நிற்கும் என்றால், அது இல்லாமல் இருப்பதே மேல்.

ஆகவே எனக்குப் பிடித்த முதல் தேர்வு டைனிவால். இது திறமூல மென்பொருள் (அதன் நிரல்வரிகளை யாரும் பார்க்கலாம்), முற்றிலும் இலவசம், விண்டோஸின் அடித்தளத்தில் இயங்கும் டிரைவர் எதையும் தனக்கென்று நிறுவுவதில்லை. முக்கியமாக, இது கேள்வியே கேட்காது. பட்டியலில் இல்லாத நிரல்களைச் சத்தமில்லாமல் தடுத்துவிடும். ஏதாவது ஒரு நிரலுக்கு இணையம் கிடைக்கவில்லை என்று உங்களுக்கே தெரியும்போது, நீங்களாகப் போய் அந்த நிரலின் சாளரத்தைக் காட்டி அனுமதி கொடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் சற்றுச் சலிப்பாக இருக்கும். ஆனால் நிரல் கேட்டு அனுமதி கொடுக்காமல் நீங்களாகவே போய்க் கொடுப்பதால், எதற்கு எப்போது அனுமதித்தோம் என்பது மனதில் நிற்கும். வீட்டில் மற்றவர்களும் அதே கணினியைப் பயன்படுத்தினால், இந்த ஒரு குணத்துக்காகவே இதைத் தேர்ந்தெடுப்பேன்.

ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் ஃபயர்வாலையே வசதியாகக் கையாள வேண்டும் என்றால் விண்டோஸ் ஃபயர்வால் கன்ட்ரோல் என்ற தனி நிரல் பொருத்தமானது. பினிசாஃப்ட் உருவாக்கிய இதனை 2018-இல் மால்வேர்பைட்ஸ் வாங்கியது, இன்றும் இலவசம்தான். சிம்பிள்வால் என்ற கருவி விவரம் தெரிந்தவர்களுக்கு நன்றாகவே உதவும், ஆனால் அது அறிவிப்புக் காட்டிக் கேட்கும் வகை. எந்த நிரல் எந்தத் தளத்தோடு பேசுகிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு போர்ட்மாஸ்டரும் கிளாஸ்வயரும் உண்டு. இரண்டிலும் சில வசதிகள் கட்டணம் செலுத்தினால்தான் கிடைக்கும். இவற்றில் போர்ட்மாஸ்டர் திறமூலம் என்பதால் அதன் பக்கமே என் மனம் சாய்கிறது. கொமோடோ, ஸோன்அலாரம் போன்ற முழு ஃபயர்வால்கள் விண்டோஸின் ஃபயர்வாலுக்குப் பதிலாகத் தாமே பொறுப்பேற்றுக்கொள்பவை. உங்கள் தேவைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதனுடன் வரும் ஃபயர்வால் உள்வருவதை மட்டுமே பார்க்கும், வெளிச்செல்வதைக் கவனிக்க லூலு என்ற இலவசக் கருவி இருக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் உடன் வரும், ஆனால் நாம்தான் இயக்க வேண்டும்.

எதை நிறுவினாலும் அதை உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடுபொறியில் மேலே விளம்பரமாக வரும் இணைப்பை அழுத்தாதீர்கள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஃபயர்வால்களை ஒருசேர வைத்துக்கொள்ளக் கூடாது. ஒன்று தடுத்ததை மற்றதில் தேடிக்கொண்டிருப்பீர்கள். பழையதை நீக்கிய பிறகு, விண்டோஸின் ஃபயர்வால் மீண்டும் இயங்குகிறதா என்று விண்டோஸ் செக்யூரிட்டியில் கட்டாயம் பாருங்கள்.

இந்தக் கருவிகளிடம் எதிர்பார்க்கக் கூடாததையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வங்கி வேலை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் வங்கியின் பக்கம் போலவே செய்யப்பட்ட போலிப் பக்கத்தில் நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டினால், எந்த ஃபயர்வாலும் குறுக்கே வராது. அதன் பார்வையில் பிரவுசர் வழக்கம்போல ஒரு தளத்தோடு பேசுகிறது, அவ்வளவுதான். நிர்வாகி உரிமை பெற்றுவிட்ட தீநிரலால் ஃபயர்வாலின் விதியையே மாற்றிவிடவும் முடியும். அதனால் அன்றாட வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நிர்வாகி உரிமை இல்லாத தனித்தனிக் கணக்குகளை உருவாக்கிக் கொடுங்கள்.

டைனிவாலை நிறுவுவதாக இருந்தால், ஒரு வாரம் கழித்து விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய், கடைசியாக எந்தத் தேதியில் அப்டேட்டைச் சரிபார்த்தது என்று பாருங்கள். தேதி பழையதாகவே நின்றிருந்தால், முதலில் திறந்து பார்க்க வேண்டியது டைனிவாலின் அனுமதிப் பட்டியலைத்தான்.